யானைத் தலைத் தொப்பி: பேட்டர்ன் இல்லாமல் குரோஷாவில் வருமா?

கேள்வி, 5.10.2024

பையனுக்கு அஞ்சு வயசு, யு.கே.ஜி. நவம்பர் 14 மாறுவேடப் போட்டிக்கு யானை என்று அவனே பெயர் கொடுத்துவிட்டான். வாடகைக் கடையில் கிடைக்கிற யானை டிரஸ் உடம்பு முழுக்க மூடும். போன வருஷம் அப்படித்தான் கரடி போட்டு, வேர்த்து, மேடை ஏறாமலே அழுதுவிட்டான். இந்தத் தடவை தலைக்கு மட்டும் குரோஷாவில், அதாவது கொக்கி ஊசிப் பின்னலில், போடலாம் என்று நினைக்கிறேன். டேபிள் மேட், வாசல் தோரணம் போடத் தெரியும். உருவம் எதுவும் போட்டதில்லை. பேட்டர்ன் எல்லாம் இங்கிலீஷ் சுருக்கெழுத்தில் இருக்கிறது, ஒன்றும் விளங்கவில்லை. பேட்டர்ன் இல்லாமல் உருண்டையும் வளைவும் வரவே வராது என்கிறாள் என் தங்கை. உண்மையா அக்கா?

5.10.2024, இரவு

தங்கை சொல்வது தப்பு.

வட்ட மேட் போடும்போது எப்போதாவது நடுவில் குழிந்து கிண்ணம் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றிருக்கும். அதைப் பிரித்திருப்பீர்கள். என் அம்மாவும் பிரிப்பார். எங்கள் வீட்டில் டிவிக்கு மேலே, ரேடியோவுக்கு மேலே, பானை மூடிக்கு மேலே என்று எங்கு பார்த்தாலும் அம்மா போட்ட வட்டங்கள். ஒன்று லேசாகக் குழிந்தாலும் "கை இறுகிப்போச்சு" என்று நாலு சுற்றைப் பிரித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். எனக்குக் கல்யாணமாகி, மகளுக்குத் தொப்பி போட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: அம்மா பிரித்துப் போட்டதெல்லாம் தொப்பி.

கணக்கு இவ்வளவுதான். நடுவில் ஆறு கண்ணி, அதாவது ஊசியால் இழுத்து முடிக்கிற ஆறு பின்னல். ஒரு கண்ணிக்குள் இரண்டு போட்டால் ஒன்று கூட்டியதாக அர்த்தம், இரண்டைச் சேர்த்து முடித்தால் ஒன்று குறைத்ததாக. ஒவ்வொரு சுற்றிலும் ஆறு கூட்டினால் தட்டை: 6, 12, 18, 24. கூட்டுவதை நிறுத்திவிட்டுச் சுற்றிக்கொண்டே போனால் சுவர் எழும்பும். ஆறுக்குப் பதில் மூன்று கூட்டினால் கூம்பு. குறைத்துக்கொண்டே வந்தால் வாய் மூடிக்கொள்ளும். யானைத் தலைக்கு ஒரு கிண்ணம், ஒரு வளைந்த குழாய், இரண்டு தட்டைத் துண்டு, இரண்டு சின்னக் கூம்பு. எல்லாமே டபுள் குரோஷே என்கிற கண்ணி வகை. பையன் தலையை இஞ்ச் டேப்பால் அளந்து சொல்லுங்கள். நெற்றி, காதுக்கு மேல், பின்மண்டை.

6.10.2024

50 செ.மீ. என்கிறீர்கள். தொப்பி பிடித்து நிற்க இரண்டு குறைத்து 48 வைத்துக்கொள்வோம். முதலில் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சதுரம் போடுங்கள். பத்து செ.மீ.க்கு எத்தனை கண்ணி விழுகிறது என்று எண்ணுங்கள். எனக்கு 3.5 எம்.எம். ஊசியில், நடுத்தரக் காட்டன் நூலில் 18 வரும். 48 செ.மீ.க்கு 86. ஆறின் மடங்காக 84. அப்படியென்றால் 14 சுற்று கூட்டல், அதற்குப் பிறகு கூட்டாமல் நேராக. உச்சி நடுவிலிருந்து விளிம்புவரை மொத்தம் 18 செ.மீ. வந்தால் அவன் காதின் மேல்பாதி மூடும்.

அக்ரிலிக் உல்லன் வேண்டாம். நவம்பர் என்றாலும் மழை விட்ட பிறகு வருகிற புழுக்கம் உங்களுக்கே தெரியும். கரடியில் அழுத பிள்ளையை யானையிலும் அழ விடக்கூடாது. காட்டன் கனம் கூடுதல், உல்லன் மாதிரி இழுபடாது, அதனால்தான் சதுரம் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

8.10.2024

ஏன் ஆறு, ஏன் ஐந்தோ எட்டோ இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற வளையல்களை தரையில் வைத்துப் பாருங்கள். உள்வளையலுக்கும் வெளிவளையலுக்கும் நடுவே ஒரு செ.மீ. இடைவெளி என்றால், வெளிவளையலின் சுற்றளவு 6.28 செ.மீ. கூடுதல். வளையல் குழந்தையுடையதோ பாட்டியுடையதோ, அந்த 6.28 மாறாது. பள்ளியில் படித்த இரண்டு பை ஆர் அதுதான். நாம் போடுகிற குட்டையான கண்ணி ஏறக்குறைய சதுரம், அகலமும் உயரமும் ஒன்று. ஒரு சுற்று போட்டால் வட்டம் ஒரு கண்ணி உயரம் வளர்கிறது, சுற்றளவுக்கு ஆறு கண்ணி தேவைப்படுகிறது. அந்தச் சில்லறை 0.28-ஐ நூலின் நெகிழ்வு வாங்கிக்கொள்ளும்.

உங்கள் கை கொஞ்சம் உயரமாக இழுக்கிற கையாக இருந்தால் ஆறு போதாது, லேசாகக் குழியும். அப்போது ஏழு. ஆறு என்று நான் சொன்னதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மடியில் வைத்துத் தட்டிப் பாருங்கள், நூலே சொல்லிவிடும்.

11.10.2024

படம் பார்த்தேன். 84 கண்ணியும் சரியாக இருக்கிறது, ஆனால் பிறந்தநாள் தொப்பி மாதிரி கூராக நிற்கிறது. பிழை உங்களுடையது இல்லை, என்னுடையது. 5-ஆம் தேதிக் குறிப்பில் "எல்லாமே டபுள் குரோஷே" என்று எழுதிவிட்டேன்.

நான் கற்றது பாளையங்கோட்டையில், கான்வென்ட் பள்ளியின் கைவேலை வகுப்பில். அங்கே இருந்ததெல்லாம் பழைய பிரிட்டிஷ் புத்தகங்கள். பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்பதை அமெரிக்கர்கள் சிங்கிள் என்பார்கள். பிரிட்டிஷ் ட்ரெபிள்தான் அமெரிக்க டபுள். நீங்கள் யூடியூப் பார்த்துக் கற்றவர், அங்கே பெரும்பாலும் அமெரிக்கப் பெயர். நான் குட்டையை நினைத்து டபுள் என்றேன், நீங்கள் நெட்டையைப் போட்டீர்கள். நெட்டைக் கண்ணி குட்டையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உயரம். ஒவ்வொரு சுற்றிலும் வட்டம் அவ்வளவு வளரும்போது ஆறு கூட்டினால் எப்படிக் காணும்? பன்னிரண்டு வேண்டும். பாதிதான் கிடைத்தது, அதனால் கூம்பாகிவிட்டது. கணக்கு உங்களிடம் துல்லியமாக வேலை செய்திருக்கிறது. சொன்ன பெயர்தான் கோணல்.

இனி இந்தக் கேள்வி-பதிலில் சிங்கிளும் வேண்டாம், டபுளும் வேண்டாம். குட்டை, நடு, நெட்டை.

குட்டை: ஊசியை நுழை, நூலை இழு, இரண்டையும் சேர்த்து முடி.
நடு: முதலில் ஊசியில் ஒரு சுற்று நூல், நுழை, இழு, மூன்றையும் ஒரே தடவையில் முடி.
நெட்டை: முதலில் ஒரு சுற்று நூல், நுழை, இழு, இரண்டிரண்டாக இரு தடவை முடி.

அந்தக் கூம்பைப் பிரிக்காதீர்கள். மூன்று நாள் வேலை. எடுத்து வையுங்கள், அதற்கு ஒரு தலை கிடைக்கும்.

11.10.2024, இன்னொன்று

பேட்டர்ன் வாங்குகிறவர்களும் இதில் மாட்டுகிறார்கள். எந்த ஊர்ப் பெயர் என்று முதல் பக்கத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்ளே "சிங்கிள் குரோஷே" என்ற சொல்லைத் தேடுங்கள். அது இருந்தால் அமெரிக்க முறை. இன்றைய பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது.

13.10.2024

குட்டையில் மறுபடி போட்டு தட்டையாக வந்துவிட்டது, சந்தோஷம். வட்டம் அறுகோணமாகத் தெரிகிறது என்கிறீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் கூட்டல் நேர்மேலே விழுவதால் ஆறு மூலை எழும்புகிறது. ஒரு சுற்றில் கூட்டலை முதலில் வையுங்கள், அடுத்த சுற்றில் நடுவில். மூலை கரைந்துவிடும். நட்சத்திரத் தொப்பி போடுகிறவர்கள் இதையே வேண்டுமென்று நேர்மேலே வைப்பார்கள்.

சுற்று ஆரம்பத்தில் ஊக்கு குத்தி வையுங்கள். கடையில் விற்கிற பிளாஸ்டிக் மார்க்கர் தேவையில்லை. ஊக்கு குத்தாமல் எண்ணிக்கொள்ளலாம் என்று நம்பினால், காலிங் பெல் அடித்ததும் எண்ணிக்கை போய்விடும்.

16.10.2024

தும்பிக்கை. எனக்குப் பிடித்த பகுதி, நீளமாகத்தான் எழுதுவேன்.

நுனியிலிருந்து ஆரம்பியுங்கள். ஆறு, அடுத்து பன்னிரண்டு. பிறகு மூன்று நாலு சுற்றுக்கு ஒரு தடவை இரண்டு இரண்டாகக் கூட்டி அடியில் முப்பதுவரை கொண்டுபோங்கள். நீளம் 20 செ.மீ. போதும். இப்படியே போட்டால் நேரான குழாய் வரும், பைப் மாதிரி. அதை வளைக்க வேண்டும்.

பலர் உள்ளே கம்பி வைத்து வளைக்கிறார்கள். குழந்தை தலையில் வைக்கிற பொருளில் இரும்புக் கம்பி கூடவே கூடாது, நூலைத் துளைத்துக்கொண்டு நுனி வெளியே வரும். நூலிலேயே வளைவு வைக்கலாம். ஒவ்வொரு சுற்றிலும் பாதிக் கண்ணி குட்டை, மறுபாதி நடு. நடுக்கண்ணி உயரம் கூடுதல், அந்தப் பக்கம் சுற்றுக்குச் சுற்று நீண்டுகொண்டே போகும். குட்டைப் பக்கம் பின்தங்கும். குழாய் தானாகக் குட்டைப் பக்கம் சாயும். மாட்டு வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓடுவது போல.

எந்தப் பக்கம் வளைக்க வேண்டும்? படத்தில் பார்க்கிற பொம்மைத் தொப்பிகளில் தும்பிக்கை கீழே தொங்கும், பிள்ளையின் மூக்கை மறைக்கும். மேலே தூக்கிய தும்பிக்கையாகப் போடுங்கள். முகம் தெரியும், கனமும் தலைக்கு மேலே சாயும். நீளப் பக்கம் கீழே, குட்டைப் பக்கம் மேலே பார்க்கும்படி தைத்தால் தும்பிக்கை ஆசீர்வாதம் செய்கிற யானை மாதிரி எழும்பி நிற்கும்.

நுனியில் ஒரு சின்ன மூக்கு வையுங்கள், ஒரே கண்ணியில் மூன்று நெட்டை. நம் ஆசிய யானைக்குத் தும்பிக்கை நுனியில் ஒரு விரல்தான், ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு. மேடையில் நடுவர் கேட்டால் பையன் சொல்லட்டும்.

18.10.2024

முந்தாநாள் எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். இன்று மாதிரிக்கு ஒரு தும்பிக்கை போட்டுப் பார்த்தபோது அது வளைவதற்குப் பதில் முறுக்கிக்கொண்டது, திருகு சுளுக்கு மாதிரி.

காரணம்: சுழலாகப் போடும்போது கண்ணி நேர்மேலே உட்காராது. வலக்கைக்காரர்களுக்கு ஒவ்வொரு சுற்றும் வலப்பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்காரும். கண்ணி எண்ணி "பாதி குட்டை, பாதி நடு" என்று போட்டுக்கொண்டே போனால் அந்தப் பாதியே குழாயைச் சுற்றி ஊர்ந்துவிடும். சில சுற்றுக்கு ஒரு தடவை நடுக்கண்ணியை ஒரு கண்ணி தள்ளி ஆரம்பிக்க வேண்டும். என் கைக்கு நாலு சுற்றுக்கு ஒரு தடவை. உங்கள் கைக்கு மூன்றாகவோ ஐந்தாகவோ இருக்கலாம். முதுகுப் பக்கத்தில் நிறம் மாறிய நூலை நேராக ஓட விட்டுப் பாருங்கள், எவ்வளவு சாய்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

இடக்கைக்காரர் ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார்: உங்களுக்கு எல்லாம் இடப்பக்கம் சாயும். தள்ளுவது அதே மாதிரி, நீங்கள் போட்டுக்கொண்டு போகிற திசையில் ஒரு கண்ணி.

18.10.2024, இரவு

சாய்வைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. ஊசியை நுழைத்ததும் நூலை ஊசிக்கு மேலாகச் சுற்றி இழுப்பதுதான் வழக்கம். சுற்றாமல் ஊசியால் நூலைக் கீழே அழுத்திக் கொக்கியில் மாட்டி இழுத்தால் கண்ணி வி மாதிரி இல்லாமல் பெருக்கல் குறி மாதிரி விழும். இறுக்கமும் கூடும், சாய்வும் குறையும். பொம்மை போடுகிறவர்கள் பலர் இப்படித்தான் போடுகிறார்கள். ஆனால் பாதித் தொப்பி ஒரு விதம், மீதி வேறு விதம் போட்டால் அளவு மாறிவிடும். தும்பிக்கையில் மட்டும் பழகிப் பாருங்கள்.

20.10.2024

காது. ஆசிய யானைக் காது சின்னது, கீழே கூராக இறங்கும். பொம்மைக் கடை யானைகளுக்கெல்லாம் ஆப்பிரிக்கக் காது, முறம் மாதிரி.

வட்டத்துக்கு ஆறு என்றால் அரைவட்டத்துக்கு மூன்று. சுற்றாமல் திருப்பித் திருப்பி வரிசையாகப் போடுங்கள், ஒவ்வொரு வரிசையிலும் மூன்று கூட்டல். கடைசி நாலு வரிசையில் மட்டும் கீழ்ப்பக்கம் ஒரே இடத்தில், ஒரே கண்ணியில் மூன்று. அது கீழ்நோக்கிக் கூராக நீளும். சாம்பலில் இரண்டு, வெளிர் ரோஸில் இரண்டு போட்டு முதுகோடு முதுகு வைத்து விளிம்பைச் சேர்த்துப் பின்னுங்கள். வயதான கோயில் யானைகளின் காதோரத்திலும் தும்பிக்கையிலும் நிறம் போய் ரோஸ் புள்ளிகள் தெரியுமே, அதையும் நூலில் குத்தலாம். நான் குத்துவேன்.

காது தொங்கிப் போகிறதா? கூடை பின்னுகிற பிளாஸ்டிக் வயரை விளிம்பில் வைத்து, அதையும் சேர்த்துப் பின்னுங்கள். கனமே இருக்காது, துருப்பிடிக்காது. நுனியை உள்ளே மடித்துத் தைத்துவிட்டால் குத்தாது. வயர்க் கூடை பின்னத் தெரிந்தவர்கள் வீட்டில் அரைச் சுருள் எப்போதும் மிச்சம் இருக்கும், பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

22.10.2024

இன்னொருவர் 11-ஆம் தேதிக் குறிப்பைப் பாதி படித்துவிட்டு, குட்டைக் கண்ணிக்கே பன்னிரண்டு கூட்டிவிட்டார். அலை அலையாக மடிந்து, எப்படி அமுக்கினாலும் தட்டையாக மாட்டேன் என்கிறதாம். கண்ணி போதாமல் போனால் குழிவது போல, கண்ணி மிஞ்சிப்போனால் மடிகிறது. இதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. 1997-இல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித ஆசிரியை, மாணவர்களுக்கு ஹைபர்போலிக் தளத்தை, அதாவது விளிம்பு நோக்கிப் போகப்போக இப்படி மிஞ்சி மடிகிற பரப்பை, கையில் கொடுத்துக் காட்ட வழியில்லாமல் குரோஷாவில் போட்டார். விடாமல் ஒரே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போவதுதான் அவர் செய்தது. பேப்பரில் செய்த மாதிரிகள் கிழிந்தன, நூல் கிழியவில்லை. அதைப் பார்த்து லாஸ் ஏஞ்சலஸில் வெர்த்தைம் சகோதரிகள் மார்கரெட்டும் கிறிஸ்டீனும் 2005-இல் பவளப்பாறையையே குரோஷாவில் போடத் தொடங்கினார்கள்.

நம் தோட்டத்துக்கு வந்தால் அது கோழிக்கொண்டைப் பூ. சேவல் வேடத்துக்கு இதைவிட நல்ல கொண்டை கிடையாது. இருபது கண்ணிச் சங்கிலி போட்டு, ஒவ்வொரு கண்ணியிலும் மூன்று நெட்டை, அடுத்த வரிசையில் ஒவ்வொன்றிலும் இரண்டு. சிவப்பு நூல். தொப்பி உச்சியில் நேராகத் தைத்தால் கொக்கரிக்கும்.

25.10.2024

தும்பிக்கையில் என்ன அடைப்பது என்ற கேள்விக்கு முன் என் மகள் கதையைச் சொல்லவேண்டும்.

அவளுக்கு ஆறு வயதில் நான் போட்டதும் யானைதான். அப்போது பஞ்சு வாங்க நேரமில்லை. கிழிந்த பனியன்களைத் துண்டு துண்டாக வெட்டித் தும்பிக்கைக்குள் கெட்டியாகத் திணித்தேன். வீட்டில் மாட்டியபோது கம்பீரமாக இருந்தது. மேடையில் ஒரு வணக்கம் சொல்லத் தலை குனிந்தாள், தொப்பி அப்படியே கண்ணுக்கு மேல் இறங்கிவிட்டது. ஒரு கையால் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டே பாட்டு முழுவதையும் பாடி முடித்தாள். ஒரு வரிகூட விடவில்லை. எனக்குக் கீழே உட்கார்ந்து தொண்டை அடைத்துவிட்டது. இப்போது கல்லூரியில் படிக்கிறாள், அந்தத் தொப்பி இன்னும் அவள் அலமாரியில் இருக்கிறது. தும்பிக்கையை மட்டும் பிரித்துப் பஞ்சு மாற்றிவிட்டேன்.

அதனால்: துணி வேண்டாம், பாலியெஸ்டர் ஃபைபர் பஞ்சு. நுனியில் கொஞ்சம் கெட்டியாக, அடியில் தளர்வாக. தும்பிக்கையின் அடி வாயைத் தொப்பியில் வட்டமாகத் தைத்துவிட்டு, இரண்டு விரல் மேலே வளைவின் உள்பக்கத்தையும் தொப்பியோடு ஒரு இடத்தில் பிடித்துத் தையுங்கள். இரண்டு பிடி இருந்தால் ஆடாது. தொப்பி விளிம்பில் மூன்று செ.மீ. பட்டை போடுங்கள்: நெடுக்காகக் குறுகிய வரிசைகள், ஒவ்வொரு கண்ணியும், கீழ்க்கண்ணியின் தலையில் தெரிகிற இரண்டு இழையில் பின்னிழையில் மட்டும். அது ரப்பர் மாதிரி இழுத்துப் பிடிக்கும். தாடைக்குக் கீழே கட்டுகிற நாடா வேண்டுமென்றால் முடிச்சு போடுகிறதாக வேண்டாம், வெல்க்ரோ. யாராவது விளையாட்டாக இழுத்தால் கழன்றுவிட வேண்டும்.

29.10.2024

முறுக்கும் அதிரசமும். எண்ணெய்க் கையோடு வெள்ளை நூலைத் தொட மாட்டேன். தந்தம் தீபாவளிக்குப் பிறகு.

2.11.2024

தந்தம்: நாலு கண்ணியில் ஆரம்பித்து, இரண்டு சுற்றுக்கு ஒரு கூட்டல், பத்து வரும்வரை. தும்பிக்கை மாதிரியே பாதி குட்டை பாதி நடு. உங்கள் யானை பெண் என்றால் தந்தம் தேவையே இல்லை, ஆசியப் பெண் யானைக்கு வெளியே தெரிகிற தந்தம் இருக்காது. இருந்தாலும் பையன் விட மாட்டான் என்று நினைக்கிறேன்.

கேட்டவர்களுக்காகப் பொம்மையைப் பற்றியும். ஜப்பானியர்கள் இந்தப் பொம்மைகளை அமிகுருமி என்பார்கள். அமி என்றால் பின்னுவது, நுயிகுருமி என்றால் அடைத்த பொம்மை, இரண்டையும் ஒட்டிய சொல். தொப்பிக்கும் பொம்மைக்கும் கணக்கு ஒன்றே, கடைசியில் மூடிவிடுகிறோம், அவ்வளவு வித்தியாசம். பந்துக்கு: ஆறு சுற்று கூட்டி 36, ஆறு சுற்று நேராக, ஆறு சுற்று குறைத்து மூடு. மொத்தம் 18 சுற்று, 36-இல் பாதி. மேல்துருவத்திலிருந்து கீழ்த்துருவம் வரை நடந்தால் பூமத்திய ரேகையில் பாதித் தூரம், அதேதான். வேகமாகக் கூட்டி மெதுவாகக் குறைத்தால் பந்து முட்டையாகும். பொம்மைத் தலைகளில் பாதி முட்டைதான்.

குறைக்கும்போது ஓட்டை தெரிந்தால்: அடுத்த இரண்டு கண்ணிகளின் முன்னிழைகளில் மட்டும் ஊசியை நுழைத்து, ஒரே இழுப்பில் இழுத்து முடியுங்கள். குறைத்த இடம் எது என்று நீங்களே தேடவேண்டியிருக்கும். ஊசி அளவையும் ஒரு எம்.எம். இறக்குங்கள். தொப்பிக்கு 3.5 என்றால் பொம்மைக்கு 2.5. பஞ்சு வெளியே எட்டிப் பார்க்கக்கூடாது.

3.11.2024

இலவம்பஞ்சு அடைக்கலாமா என்று போடியிலிருந்து ஒருவர் கேட்கிறார். ஊரிலேயே விளைகிற பொருள், ஆசைப்படுவது நியாயம். நான் அடைத்துப் பார்த்திருக்கிறேன். இழை மிகவும் சன்னம், வழுக்கும், கண்ணிகளுக்கு நடுவே நூல் நூலாக வெளியே வரும். பழைய வேட்டித் துணியில் சின்னப் பை தைத்து, அதற்குள் அடைத்து, பையைப் பொம்மைக்குள் வையுங்கள். துவைத்தால் கட்டி தட்டிவிடும், பிறகு வெயிலில் போட்டாலும் பழைய மிருது வராது. அலமாரி பொம்மைக்குச் சரி, வாயில் வைத்து எச்சில் படுத்துகிற குழந்தைக்குச் சரிவராது.

எச்சில் படுத்துகிற குழந்தை என்றதும் நினைவு வருகிறது: கண். திருகு வைத்த பிளாஸ்டிக் கண்ணை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வைக்கவே வேண்டாம். பொம்மைப் பரிசோதனையில் 31.7 மி.மீ. விட்டமுள்ள குழாய் ஒன்று வைத்திருப்பார்கள். அதற்குள் முழுதாக அடங்குகிற எதுவும் தொண்டையில் மாட்டக்கூடியது என்று கணக்கு. எந்தப் பொம்மைக் கண்ணும் அதற்குள் அடங்கும். கறுப்பு நூலில் குத்தித் தையுங்கள். என் அக்கா பேரனுக்குக் கொடுத்த முயலின் கண் மூன்றாம் நாள் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. கண்ணைப் பின்னாலிருந்து பிடிக்கிற வட்டை நான் இறுக்கமாக அமுக்கவில்லை. அன்றிலிருந்து எந்த வயதுக் குழந்தைக்கும் நூல் கண்தான்.

3.11.2024, பிறகு

விற்பதற்குப் போடுகிறவர்கள்: 1.1.2021 முதல் இந்தியாவில் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினைப் பொருள்களுக்கான மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. பதிந்துகொள்ளுங்கள்.

6.11.2024

கத்தரிக்காய் வேடம் கேட்டவருக்கு. ஊதா தொப்பி, அதே 84 கணக்கு. பச்சைக் காம்புதான் விஷயம். பச்சையில் 30 வரை தட்டை வட்டம், பிறகு ஆறு ஆறு கண்ணியாக ஐந்து இதழ். ஒவ்வொரு இதழையும் திருப்பித் திருப்பி, வரிசைக்கு ஒன்று குறைத்து, ஒரு கண்ணி மிஞ்சும்வரை. காம்புக்குத் தும்பிக்கையின் குட்டி வடிவம், ஆறு கண்ணிக் குழாய், ஒரு பக்கம் சாய்த்து. சாய்வு இல்லாத காம்பு கத்தரிக்காய் மாதிரி இருக்காது, நேராக நிற்கிற காம்பு குடைமிளகாயுடையது.

பாரதியார் முண்டாசு குரோஷாவில் போடலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். முண்டாசு துணி. மடிப்பு தெரியவேண்டும், ஓரம் பறக்கவேண்டும். நல்ல மல் துணி இரண்டரை மீட்டர் வாங்கிக் கட்டிவிடுங்கள். மீசைக்கு வேண்டுமானால் கறுப்பு நூல் எடுக்கலாம்.

9.11.2024

ஊசி எங்கே நல்லது கிடைக்கும் என்ற கேள்வி. நான் வைத்திருப்பது போனி. அது நீலகிரியில் கேத்தி பக்கம் உள்ள நீடில் இண்டஸ்ட்ரீஸ் ஆலையில் செய்வது. அம்மாவின் மெல்லிய எஃகு ஊசி தொடங்கி என் அலுமினிய ஊசிவரை எல்லாம் மலையிலிருந்து இறங்கியவை. என் தம்பி சட்டம் படித்தபோது அந்த ஆலையின் பெயரை அவன் புத்தகத்தில் பார்த்து அதிசயித்தேன். பங்கு வெளியீடு பற்றிய வழக்கு, 1981 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கம்பெனிச் சட்டம் படிக்கிறவர்கள் யாரும் அதைத் தாண்டாமல் போக முடியாதாம். அவனுக்கு அது தீர்ப்பு, எனக்கு ஊசி.

மெஷினில் போட முடியாதா என்று அதே ஆள் கேட்டார். கடைகளில் குரோஷே என்று விற்கிற மெஷின் துணி வேறு வகைப் பின்னல், பார்க்க மட்டும் ஒத்திருக்கும். ஒரு கண்ணியை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிற இந்த வேலை இன்றும் கையில்தான் நடக்கிறது. கையால் போட்டதை வாங்கும்போது பேரம் பேசாதீர்கள்.

14.11.2024

காலையிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். படம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். தும்பிக்கை நின்றிருக்கிறது. வணக்கம் சொல்லும்போதும் நின்றிருக்கிறது. காதோரத்தில் ரோஸ் புள்ளிகூட வைத்திருக்கிறீர்கள். "எனக்கு ஒரே விரல்தான்" என்று நடுவரிடம் தும்பிக்கையைக் காட்டினானாமே, அந்த ஒன்றுக்கே இந்த நாற்பது நாளும் தகும். பரிசு கிடைத்ததா என்று நான் கேட்கவே இல்லை, நீங்களும் சொல்லவில்லை. பரவாயில்லை.

அந்த 11-ஆம் தேதிக் கூம்பு. தங்கையின் மகள் அதைச் சாட்டிலைட் ராக்கெட்டாகப் போட்டுக்கொண்டு போனாள் என்று படித்தபோது எழுந்தே நின்றுவிட்டேன். வெள்ளியில் நாலு சிறகு யார் தைத்தது? தங்கையா?

17.11.2024

துவைப்பது: சோப்புத் தண்ணீரில் பத்து நிமிஷம், முறுக்கக் கூடாது, துண்டில் சுருட்டி அமுக்குங்கள். குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டி நிழலில் காய வையுங்கள், கிண்ண வடிவம் போகாது. தும்பிக்கைக்குள் இருக்கிற பஞ்சு காய இரண்டு நாள் ஆகும். அதுவரை அவனை அதோடு தூங்க விடாதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும்.

தங்கை இப்போது குதிரை கேட்கிறாளாமே. குதிரைக்கு முகம் நீளம், தொப்பி முன்பக்கத்தில் தனி முட்டை வரும், பிடரி மயிருக்கு 22-ஆம் தேதி சேவல் கொண்டையை நெடுக்காகப் போட்டால் போதும். மகளின் தலையை அளந்து சொல்லச் சொல்லுங்கள். சதுரம் ஒன்று போட்டுவிட்டு.